இறந்த திகதி இல்லாத மரம்

ஒஸ்லோவில் பியோர்ண்டால் மேட்டுக்குப் போகும் பஸ்ஸைப் பதினொரு வருடமாக ஓட்டுகிறேன். ஏறுகிறவர்கள் என்னோடு பெரிதாகக் கதைப்பதில்லை. ஏறும்போது 'ஹாய்', இறங்கும்போது நன்றிக்கு ஒரு 'தக்', அவ்வளவுதான். அதனால், மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மே மாத வியாழக்கிழமை, எழுபது வயது மதிக்கத்தக்க நோர்வேஜியப் பெண் ஒருத்தி இரண்டு பெரிய பூவாளிகளில் தண்ணீரோடு ஏறி, தரையெல்லாம் சிந்திவிட்டு, என் பக்கம் திரும்பிச் சொன்னது எனக்கு உடனே விளங்கவில்லை. "மன்னித்துக்கொள். என் கணவருக்குத் தண்ணீர் ஊற்றப் போகிறேன்." இருபத்தேழு வருடம் இந்த மொழியோடு மாரடித்தும் சில வேளை என் காதை நானே சந்தேகிப்பேன். அவள் சொன்ன சொல் செடிகொடிகளுக்குத் தண்ணீர் விடுவதற்கு மட்டும் உரியது; மனிதருக்குக் குடிக்கக் கொடுப்பதற்கு வேறு சொல். பிழையாகக் கேட்டுவிட்டேன் என்று நினைத்து, "அவருக்குச் சுகமில்லையா?" என்றேன். "இறந்துவிட்டார்," என்றாள் அவள், சிரித்தபடி. "ஆனால் இந்த மாதம் நன்றாகத் துளிர்த்திருக்கிறார்."

கடைசித் தரிப்பிடத்தில் எனக்குப் பன்னிரண்டு நிமிட ஓய்வு. பூவாளி ஒன்றைத் தூக்கிக் கொடுக்கலாம் என்று அவளோடு இறங்கினேன். பஸ் திரும்பும் வட்டத்துக்குப் பின்னால், ஒற்றையடிப் பாதைக்கு அப்பால் ஒரு சரிவு. அதில் ஆளுயர மரக்கன்றுகள் நாற்பது போல வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் காலடியிலும் சிறிய உலோகத் தகடு. தகட்டில் ஒரு பெயர், இரண்டு திகதிகள். அவளுடைய பெயர் வெங்கே. உயர்பள்ளியில் உயிரியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள். இறந்தவர்களின் நினைவாக மரம் நட்டுப் பராமரிக்கும் தொண்டர் குழு ஒன்றை அவளும் அயலவர்கள் சிலரும் நடத்துகிறார்கள். அவர்கள் மரங்களை மரங்கள் என்று சொல்வதில்லை. "கோரேயை மான் கடித்துவிட்டது." "பெரித் இந்த வருடம் பூக்கவில்லை." கோரே வெங்கேயின் கணவர், இப்போது ஒரு லிண்டன் மரம். பெரித் யாரோ ஒருவருடைய தாய்.

உங்களுக்கு இது அழகாகப் படலாம். எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஓய்வு முடிந்து பஸ்ஸைக் கீழே இறக்கிக்கொண்டு வரும்போது ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தேன். என்ன ஒழுங்கான சாவு இவர்களுக்கு. வைத்தியசாலை, தேவாலயம், சவக்குழி, பிறகு ஒரு மரம். பிறந்த திகதி, இறந்த திகதி, நடுவில் ஒரு சின்னக் கோடு. அந்தக் கோட்டின் வலது பக்கத்தில் எழுத இவர்கள் எல்லோரிடமும் ஏதோ ஒன்று இருந்தது.

என் தம்பி அன்ரனுக்கு அது இல்லை. அவன் பேசாலையில் படகு எஞ்சின் திருத்துகிறவன். இருபத்துநான்கு வயது. ஒரு காலை, கடைக்குள் ஒரு எஞ்சினைக் கழற்றி விரித்துப் போட்டுவிட்டு நடுவில் குந்தியிருந்தவனை, சீருடையோடு இரண்டு பேரும் சீருடை இல்லாமல் மூன்று பேரும் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். "ஒரு விசாரணை, பின்னேரம் விடுவம்," என்றார்கள். எந்தப் பின்னேரம் என்று சொல்லவில்லை. என்னுடைய அக்கா செலின் பின்னால் ஓடியிருக்கிறாள். வாகனத்துக்கு இலக்கத்தகடு இருக்கவில்லை. நான் அப்போது ஒஸ்லோவில், கைக்குழந்தையோடு. அக்கா தொலைபேசியில் அழவில்லை. ஒவ்வொரு முகமாக, ஒவ்வொரு சப்பாத்தாக எனக்குச் சொன்னாள். எழுதிக்கொள் என்றாள். எழுதினேன். அந்தக் கடுதாசி இன்னும் என்னிடம் இருக்கிறது. இரண்டு கிழமை கழித்து எஞ்சின்காரன் தன் சாமானைக் கேட்டு வந்தபோது அக்கா விடவில்லையாம். "கழற்றினவன் வந்து பூட்டுவான்," என்றாளாம். அவன் ஆறு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, துண்டு துண்டாகவே அள்ளிக்கொண்டு போனான்.

அதற்குப் பிறகு பதினேழு வருடங்கள். முகாம், பொலிஸ், விசாரணைக் குழு, இன்னொரு விசாரணைக் குழு. ஒரு அதிகாரி அக்காவைப் பார்த்து, "மரணச் சான்றிதழ் எடுத்தால் அலுவல்கள் சுகமாக முடியும் அம்மா," என்று சொல்லியிருக்கிறார். மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து, "ஆர் சாக்காட்டினதெண்டு அதிலை எழுதுவியளோ?" என்று கேட்டவள் என் அக்கா. இன்று அவளுக்கு அறுபது வயது. மற்றத் தாய்மார், மனைவிமாரோடு வீதியோரப் போராட்டக் கொட்டிலில் தம்பியின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறாள். வெயிலில் படம் வெளிற, புதிதாகப் பிரதி எடுத்துக்கொண்டே இருக்கிறாள். நான் இங்கே மாதாந்தம் சம்பளம் வாங்கி, வரி கட்டி, வாக்குப் போட்டு, ஸ்ட்ரோம்மனில் சப்பாத்து வாங்குகிறேன்.

ஊரில் உள்ளவர்கள்தான் நோகச் செய்வார்கள் என்றில்லை. எங்கள் தேவாலயத் தமிழ்ப் பூசையில் நவம்பர் மாதம் இரண்டு பட்டியல் வாசிப்பார்கள்: இறந்தவர்களுக்காக ஒன்று, உயிரோடிருப்பவர்களின் தேவைகளுக்காக ஒன்று. நான் வருடாவருடம் அன்ரனின் பெயரை இரண்டாவது பட்டியலுக்குத்தான் கொடுப்பேன். ஒரு வருடம் முதலாவதில் அவன் பெயர் வாசிக்கப்பட்டது. முழங்காலில் இருந்தவள் எழும்பிவிட்டேன். பூசை முடிய, பட்டியல் தயாரித்த ஞானம் அண்ணையிடம் போனேன்.

"அண்ணை, தம்பியின்ரை பேரை ஏன் அந்தப் பக்கம் மாத்தினியள்?"

"பிள்ளை, எவ்வளவு வருசமாச்சு. இனி எங்கை? ஆத்துமத்துக்காவது பிரயோசனமா இருக்கட்டுமெண்டுதான்..."

"அவன் செத்ததை நீங்கள் கண்டனியளோ?"

"கோவப்படாதையுங்கோ. எல்லாருக்கும் ஒரு ஆறுதல் வேணும்."

எல்லாருக்கும் என்றால் யாருக்கு? எனக்கு விளங்கியது. லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கி, பிள்ளைகளைப் பட்டம் பெற வைத்து, சுவரில் படம் மாட்டிவிட்ட எங்கள் சனத்துக்கு, இன்னும் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற என்னைப் போன்றவர்கள் கண்ணில் விழுந்த தூசி. நாங்கள் துக்கத்தை முடித்துத் தரவேண்டும். அப்போதுதான் அவர்கள் நிம்மதியாகத் தேத்தண்ணி குடிக்கலாம்.

அந்த நவம்பருக்குப் பிறகுதான் நான் வெங்கேயின் குழுவில் சேர்ந்தேன். பக்தியாலோ இயற்கை மீதிருந்த ஆசையாலோ அல்ல. அக்காவுக்குக் கோபத்தைக் கொண்டுபோய் வைக்க ஒரு கொட்டில் இருந்தது. எனக்கு இரண்டு கை மட்டும் இருந்தது. டுக்னாட் என்று இங்கே சொல்வார்கள், நம்முடைய சிரமதானம்தான். ஊதியம் இல்லை, கோப்பியும் வாஃபலும் உண்டு. எலி பட்டையைக் கறும்பாமல் அடிமரத்துக்குக் கம்பிவலை சுற்றினேன். புல்லு வெட்டும் இயந்திரம் படாமல் முளை அடித்தேன். இந்த மண்ணில் தானாக வளரும் மரங்களை மட்டும்தான் அவர்கள் நடுவார்கள். சரிவில் ஊதாநிறத்தில் பூத்துக் குலுங்கிய லூப்பின் செடிகளை வெங்கே வேரோடு பிடுங்கி, "வெளியில் இருந்து வந்தவை, இடத்தைப் பிடித்துவிடும்," என்றாள். சொன்ன பிறகு என்னையும், பக்கத்தில் நின்ற எரித்திரியாக்காரரையும் பார்த்துக் கழுத்துவரை சிவந்துபோனாள். அதற்கெல்லாம் கோபப்பட்டால் இந்த நாட்டில் பஸ் ஓட்ட முடியாது. நானும் இரண்டைப் பிடுங்கி வாளிக்குள் போட்டேன்.

ஒன்றரை வருடம் மற்றவர்களின் இறந்தவர்களுக்குத் தண்ணீர் ஊற்றினேன். பிறகு, போன வருட வசந்தத்தில் வெங்கே கேட்டாள், "எமல்டா, உனக்கு யாருமில்லையா?" இந்த மொழியில் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் 'நீ'தான். ஆனாலும் அந்த 'உனக்கு' ஏனோ என்னைச் சுட்டது. "தம்பி ஒருவன் இருக்கிறான்," என்றேன். அவள் உடனே ஒரு படிவத்தை நீட்டினாள். பெயர், பிறந்த திகதி, இறந்த திகதி. இரண்டை நிரப்பிவிட்டுக் கொடுத்தேன்.

"அன்ரன்! இது நோர்வேஜியப் பெயர். என் தாத்தாவின் பெயர். உன் தம்பி இங்கேயா பிறந்தார்?"

"இல்லை. பெயர் அந்தோனியாருடையது. தம்பி மன்னாரில் பிறந்தவன்."

"ஒரு கட்டத்தை நிரப்ப மறந்துவிட்டாய்."

"மறக்கவில்லை. அவனைக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை. அதற்கு மேல் எனக்குத் தெரியாது."

வெங்கே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அப்படியானால் 'சவ்னெத்' என்று மட்டும் போடுவோமா?" என்றாள். நான் ஓம் என்றேன். அந்த ஓமை இன்று வரை என்னால் மன்னிக்க முடியவில்லை. சவ்னெத் என்றால் காணாமற்போனவன். மலையில் வழி தவறியவர்களைச் செய்தியில் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அதே சொல்லுக்கு, பிரிவால் ஏங்கப்படுகிறவர் என்றும் பொருள். இங்கே கல்லறைகளில் பாதி அந்தச் சொல்லோடுதான் நிற்கின்றன. நான் ஒன்றை நினைத்துத் தலையாட்ட, அவள் மற்றதை எழுதினாள். மே மாதம் ரொக்ன் மரக்கன்று ஒன்று நட்டோம். இலையுதிர்காலத்தில் செம்மஞ்சள் பழம் குலைகுலையாகப் பிடிக்கும், குருவிகள் தின்னும். யூலையில் தகடு வந்தது.

தகடு பூட்டிய அன்று என் மகள் மெலனியும் வந்திருந்தாள். அன்ரனை அவர்கள் கொண்டுபோன வருடம் அவள் என் கைக்குழந்தை. இப்போது உயர்பள்ளி முடிக்கப் போகிறாள். நல்ல பிள்ளை. மாமாவின் மரத்தைப் படமெடுத்து, "மாமாவின் நினைவு மரம்" என்று தமிழில் எழுதி, எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். பத்து நிமிடத்தில் அக்கா எடுத்தாள். என்னிடம் கதைக்கவில்லை, மெலனியைக் கூப்பிடச் சொன்னாள்.

"பிள்ளை, அந்தத் தகட்டிலை என்ன எழுதியிருக்கு? வாசி."

"அன்ரன், சவ்னெத் எண்டு போட்டிருக்கு பெரியம்மா."

"சவமோ? சவமெண்டு எழுதி வைச்சிருக்கிறியளோ?"

"இல்லை பெரியம்மா! சவ்னெத். நொர்ஸ்க் சொல்லு. எப்பிடிச் சொல்றது... எல்லா மின்னத்ரேயிலையும் போடுறது. நினைவு மரமெண்டால் செத்த ஆக்களுக்குத்தானே..."

பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டது. நான் போனை வாங்கினேன். பதினேழு வருடம் அழாமல் பட்டியல் சொன்ன குரல் அன்று நடுங்கியது.

"எமல்டா. சான்றிதழ் தாறம் எண்டு அவங்கள் எத்தினை தரம் வந்தவங்கள். நான் கையெழுத்துப் போட்டனானோ? நீ அங்கை குளிருக்குள்ளை இருந்துகொண்டு சும்மா போட்டுக் குடுத்திட்டாய். அவங்களுக்கு நாங்கள் களைக்கிறதுதான் தேவை. நீ களைச்சிட்டாய்."

"அக்கா, அது அப்பிடியில்லை..."

"புடுங்கி எறி. எறிஞ்சுபோட்டு எனக்குச் சொல்லு."

மறுநாள் சனிக்கிழமை. கழட்டக்கூட நேரமில்லாமல் பஸ் உடுப்போடேயே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனேன். அக்கா மீது கோபம், அவள் சொன்னது சரி என்பதால் இன்னும் கோபம். தம்பியின் கன்றின் ஓரத்தில் இரண்டு வெட்டு வெட்டியிருப்பேன். கோரேக்குப் பக்கத்தில் குந்தியிருந்த வெங்கே எழுந்து வந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் என் தோளில் கை வைத்து, நல்ல மனதோடுதான், "உன் அக்காவின் வேதனை விளங்குகிறது. ஆனால் மனிதருக்கு ஒரு அவ்ஸ்லுத்னிங் வேண்டும், எமல்டா. எப்போதாவது ஒரு முடிவுக்கு வரவேண்டும்," என்றாள்.

இந்த நாட்டில் சத்தம் போடக்கூடாது என்று வந்த முதல் வருடமே பழகியவள் நான். பஸ்ஸில் துப்பியவனிடம்கூடச் சத்தம் போட்டதில்லை. அன்று கத்தினேன். பாதையில் நாயோடு போனவர் நின்றுவிட்டார். "முடிவு வேண்டியது எனக்கில்லை! என் தம்பியைக் கொண்டுபோனவனுக்கு வேண்டும்! அவன் ஓய்வூதியம் எடுத்துக்கொண்டு எங்கேயோ பேரப்பிள்ளையோடு இருக்கிறான். அவனுக்கு வழக்கு முடியவேண்டும். உன் கணவர் உன் கையைப் பிடித்துக்கொண்டு செத்தார், உனக்கு மரம் போதும். எனக்கு மரம் வேண்டாம். எனக்கு அவனிடமிருந்து பதில் வேண்டும். எங்கே வைத்திருக்கிறாய், என்ன செய்தாய், யார் சொல்லிச் செய்தாய்?" இலக்கணமெல்லாம் பிழைத்துப் போனது. காலம் மாறி, வினை மாறி, இடையில் தமிழும் வந்து விழுந்தது. ஆனால் அதைவிட நன்றாக நான் அந்த மொழியைப் பேசியதேயில்லை.

வெங்கே கையை எடுத்துக்கொண்டாள். நோர்வேஜியர்கள் மௌனமாக நிற்கும்போது அது மரியாதையா பயமா என்று எனக்குப் பிடிபடுவதில்லை. கடைசியில் அவள் சொன்னாள், "இப்போது தோண்டினால் அது செத்துவிடும். யூலையில் வேரை அசைக்கக்கூடாது. இலை விழும்வரை பொறு. பிறகு நானும் தோண்டுகிறேன்." ஒரு உயிரியல் ஆசிரியை சொல்லக்கூடிய ஆகக் கூடிய மன்னிப்பு அதுதான் என்று இப்போது நினைக்கிறேன். அன்று நினைக்கவில்லை. அவள் வீட்டுக்குப் போய்த் திருகாணிச் சாவி எடுத்துவந்து, தகட்டை முளையோடு கழற்றி என்னிடம் தந்தாள். குழுவின் பட்டியலில் இருந்து என் தம்பியின் பெயரை என் கண்ணுக்கு முன்னாலேயே வெட்டினாள். இறந்தவர்களின் பட்டியலில் இருந்து அவன் வெளியே வந்ததைப் பார்க்க எனக்கு மூச்சு வந்தது. ஞானம் அண்ணை செய்யாததை ஒரு வெள்ளைக்காரி செய்தாள் என்பதிலும் எனக்குக் கோபம்தான்.

அக்காவிடம் தகட்டைக் கழற்றியாயிற்று என்று எழுதினேன். "மரம்?" என்று ஒரு சொல் வந்தது. "ஒக்ரோபரிலை மாத்தி வைக்கப்போறம், செத்த ஆக்களின்ரை வரிசையிலை இல்லை," என்றேன். ஒக்ரோபர் நடுவில், இலை கொட்டியதும், குழுவில் ஐந்து பேர் வந்தார்கள். வேரைச் சுற்றி அகலமாகத் தோண்டி, மண்ணோடு சாக்கில் கட்டி, பாதையைக் கடந்து, பஸ் திரும்பும் வட்டத்தின் ஓரத்தில், எந்தத் தகடும் இல்லாத வெறும் புல்லில் நட்டோம். அதற்கான அனுமதியை வெங்கே எப்போதோ கடிதம் எழுதி எடுத்து வைத்திருந்தாள். என் தம்பி யாரென்று எரித்திரியாக்காரர் கேட்டார். சொன்னேன். அவர் தன் அண்ணனின் பெயரை மட்டும் சொன்னார். அவருக்கும் வலது பக்கத் திகதி இல்லை. கிட்டத்தட்ட இரண்டு வருடம் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கம்பிவலை சுற்றியிருக்கிறோம்.

அக்கா ஏழு மாதம் என்னோடு கதைக்கவில்லை. இந்த வருடம் பெப்ரவரியில், அன்ரனின் பிறந்தநாள் அன்று எடுத்தாள். அந்த நாளில் நாங்கள் ஒருவரை ஒருவர் அழைக்காமல் விட்டதே இல்லை. நான் கடைசித் தரிப்பிடத்தில் ஓய்வில் நின்றேன். காலை பதினொரு மணி, மைனஸ் பதினான்கு. திரையில் அங்கே பின்னேர வெயில், கொட்டிலின் நீலத் தறப்பாள், அவள் மடியில் படம்.

"அவன்ரை பிறந்தநாள் எண்டபடியா எடுத்தனான்," என்றாள். "உன்னோடை கதைக்கிறதுக்கில்லை."

"ஓம் அக்கா."

அவளுக்குப் பின்னால் வீதி இரைந்தது. பிறகு, "அது எங்கை? காட்டு," என்றாள். பஸ் கதவைத் திறந்து விட்டுவிட்டு இறங்கி, பனிக்குள் பத்து அடி நடந்து, கமராவைத் திருப்பினேன். ஒரு இலை இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு தடியும் நான்கு குச்சியும். அக்கா முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டு வந்தாள்.

"செத்திட்டுதோ?"

அவள் அதைக் கேட்ட விதத்தில் கோபம் இருக்கவில்லை. அதுதான் என்னைப் பயப்படுத்தியது. இடம் மாற்றிய மரம், முதல் மாரி, எனக்கும் தெரியாது. கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றிவிட்டு, ஒரு கிளையின் தோலை நகத்தால் சுரண்டினேன். விறைத்த நகம் முதலில் வழுக்கியது. மீண்டும் அழுத்திச் சுரண்டினேன். உள்ளே பச்சை. ஈரமான, புதுப் பச்சை.

"இல்லை அக்கா. உயிரோடைதான் நிக்குது. இஞ்சை மாரியிலை எல்லாம் இப்பிடித்தான் தெரியும். பார், பார், பச்சை."

அக்கா நீண்ட நேரம் பார்த்தாள். பக்கத்தில் இருந்த தாய்மார் இரண்டு பேரும் எட்டிப் பார்த்தார்கள். "சரி, காணும்," என்றாள். "கனக்கச் சுரண்டாதை. நோகும்."

பஸ்ஸுக்குள் இருந்து யாரோ கண்ணாடியில் தட்டினார்கள். புறப்படும் நேரம் மூன்று நிமிடம் கடந்திருந்தது. பதினொரு வருடத்தில் நான் ஒருநாளும் பிந்தியதில்லை. ஏறி உட்கார்ந்தேன். முன் இருக்கைக்காரர் தன் மணிக்கூட்டைக் காட்டினார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அக்கா இணைப்பைத் துண்டிக்கவில்லை. நானும் துண்டிக்காமல் போனை ஜாக்கெட் பொக்கற்றுக்குள் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினேன். பஸ் பனிச்சரிவில் மெல்ல இறங்கியது. என் நெஞ்சுக்குப் பக்கத்தில் மன்னார் வீதியில் ஒரு லொறி நீளமாக ஹோர்ன் அடித்தது. பயணிகள் எல்லோரும் திரும்பி, வெறுமையான வெள்ளை வீதியை முன்னாலும் பின்னாலும் பார்த்தார்கள்.